நெற்றியில் ஒரு கட்டைவிரல்

முப்பது வருடம் மயில் வரைந்திருக்கிறேன். மயில், தாமரை, இடுப்பில் குடத்தோடு போகும் பெண், எல்லாம் வாட்டர் கலரில். ஆவடி ஃபாக்டரி குவார்ட்டர்ஸிலிருந்து யார் வீடு கட்டிப் போனாலும் கிரகப்பிரவேசத்துக்கு என் மயில் ஒன்று போகும். கணவர் ஓய்வு பெற்று நாங்கள் குமணன்சாவடிப் பக்கம் சொந்த வீட்டுக்கு வந்த அன்றே சொல்லிவிட்டேன். இனி மயில் கிடையாது. ஆயில் பெயிண்ட் கற்றுக்கொள்ளப் போகிறேன். வரிசையாகப் பத்துப் படம் போடப் போகிறேன். பத்திலும் பெண்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். கையில் குடமும் இருக்காது, குழந்தையும் இருக்காது.

“இந்த வயசுலயா?” என்றாள் என் தங்கை. ஆமாம், இந்த வயதில்தான். இதற்கு முன்னால் யார் என்னைச் சும்மா விட்டார்கள்?

ஆயில் என்னைப் படாத பாடு படுத்தியது. வாட்டர் கலரில் வெளிச்சமான இடத்தைத் தாளின் வெள்ளையாகவே விட்டுவிட்டு, மெல்ல இருட்டுக்குப் போவோம். ஆயிலில் எல்லாம் தலைகீழ். இருட்டை முதலில் போட வேண்டும், வெளிச்சம் கடைசியில்தான் வரும். இது புரிவதற்குள் இரண்டு கேன்வாஸைச் சேறாக்கினேன். அது காய்கிற லட்சணமும் அப்படித்தான், வாரக்கணக்கில் விரலில் ஒட்டும். செல்போனில் வீடியோ பார்த்து, வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே கற்றேன்.

முதல் படத்துக்கு உட்கார்ந்தவள் எங்கள் தெருமுனையில் செம்பரம்பாக்கம் ஏரி மீன் விற்பவள். நல்ல கறுப்பு. சும்மா உட்கார அவளுக்குத் தெரியவில்லை. முதல் நாளே என் சமையலறையிலிருந்து பூண்டை எடுத்துவந்து உரிக்க ஆரம்பித்தாள்.

“இன்னாக்கா, கைய கட்டிக்கினு குந்திகினு கீறதையா படம் போடுவ?”

“அதைத்தான் போடுவேன். பூண்டை வை.”

வைத்தாள். ஆனால் ஒரு கண்டிஷன் போட்டாள். “என் மூஞ்சிக்கு வெள்ளையடிக்காத. எம்பொண்ணு கல்யாண ஆல்பத்துல என் பொடவைய கட்டிகினு எவளோ ஒரு செவத்தவ நிக்கறா. இதுவும் அப்டி ஆச்சுன்னா உன் ஊட்டுப் பக்கமே வரமாட்டேன்.”

சத்தியம் செய்து கொடுத்தேன். அவள் வராவிட்டால் படமும் இல்லை, வரிசையும் இல்லை. அந்த நிறத்தைப் பிடிக்க மூன்று வாரமானது. கறுப்பு டியூபைத் தொடாமல் நீலத்தையும் பழுப்பையும் சிவப்பையும் குழைத்துக் குழைத்துப் பார்த்தேன். ஆயுத பூஜைக்கு முந்தின நாள்தான் நெற்றி சரியாக வந்தது. பொட்டில்லாத, மேடான நெற்றி. அவள் கணவன் இறந்து பல வருடமாகிறது. நான் வரைந்ததிலேயே உருப்படியானது அந்த நாலு விரல் இடம்தான்.

என் கணவர் ஃபாக்டரியில் லேத் ஓட்டியவர். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் மெஷினைப் பளபளவென்று துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்தவர். இப்போது வைக்க மெஷின் இல்லை. பூஜையன்று காலை நான் பொரி, வாழைக்கன்று வாங்கப் பூந்தமல்லி போயிருந்த நேரத்தில் ஸ்கூட்டர், மிக்ஸி, கிரைண்டர் என்று வைத்துக்கொண்டே வந்திருக்கிறார். என் பிரஷ்கள், கேன்வாஸை நிறுத்தும் ஈசல் ஸ்டாண்ட் எல்லாவற்றுக்கும் வைத்திருக்கிறார். ஈசலின் மேலே படம். வைத்துவிட்டார். ஈரப் பெயிண்டில் சந்தனம் ஒட்டவில்லை போலிருக்கிறது, கட்டைவிரலால் நன்றாக அழுத்தியிருக்கிறார். நெற்றி நடுவே குங்குமமும் அவர் ரேகையும்.

“என்ன காரியம் பண்ணியிருக்கீங்க! அவ புருஷன் இல்லாதவ!”

அவர் முகம் செத்துப்போனது. “வரிசையா வெச்சுட்டே வந்தேன். நெத்தி தெரிஞ்சுது, கை போயிடுச்சு.”

அன்றைக்குப் பிரஷ்கள் பூஜையில் இருந்தன, தொடக்கூடாது. பார்த்துக்கொண்டேதான் இருக்க முடிந்தது. பார்க்கப் பார்க்க எனக்கு வேறு புத்தி வந்தது. ஏன் அழிக்க வேண்டும்? அவளிடமிருந்து பொட்டைப் பிடுங்கியது யார்? இருக்கட்டும், எவன் கேட்கிறான் பார்ப்போம். கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு பிரசங்கமே தயார் செய்துவிட்டேன். ரொம்பத் தைரியசாலி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் விஜயதசமி. அவள் வந்தாள், படத்தின் முன் நின்றாள். நடந்ததைச் சொல்லி, பிரசங்கத்தையும் ஒரு வரி விடாமல் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டாள்.

“நீ பேசறது நல்லாத்தான் கீதுக்கா. ஆனா என்னை எவனும் வெக்கக்கூடாதுன்னு சொல்லல. எம் மாமியாகாரியே, காலம் மாறிப்போச்சு, வெச்சிக்கடின்னா. நாந்தான் வேணான்னேன். அந்தாளு பேர சொல்லி இருவது வருசம் பொட்டு வெச்சிகினு ஒத வாங்கினேன். அவன் போன அன்னிக்கி நானே தண்ணி மோந்து கழுவிட்டேன். உன் ஊட்டுக்காரரு தெரியாம வெச்சிட்டாரு, அத்த வுடு. நீ தெரிஞ்சே வெச்சிருக்கணுங்கற. வெள்ளையடிக்கறதுக்கும் இதுக்கும் இன்னா வித்தியாசம்?”

வெட்கத்தில் எனக்குக் காதெல்லாம் சுட்டது. அவளை ஒரு வார்த்தை கேட்காமல் அவளுக்காக ஊரோடு சண்டைக்குக் கிளம்பியிருக்கிறேன். பெயிண்ட் கத்தியை எடுத்துச் சுரண்டினேன். குங்குமம், சந்தனம், ரேகை, கூடவே என் அருமை நெற்றியும் வழித்துக்கொண்டு வந்தது. அழுகையாக வந்தது, வரட்டும் என்று விட்டேன். “குந்து, நானும் குந்தறேன்” என்றாள். மத்தியானம் வரை உட்கார்ந்தாள். இருட்டிலிருந்து மறுபடி தொடங்கினேன்.

இப்போது படம் எங்கள் ஹாலில் மாட்டியிருக்கிறது, இரண்டாவது படம் ஈசலில் நிற்கிறது. வருகிற பெண்கள் எல்லோரும் ஒன்றையே சொல்கிறார்கள், ஒரு சின்னப் பொட்டாவது வைத்திருக்கலாமே, வீட்டுக்கு மங்களமாக இருக்குமே என்று. ஆளே தெருமுனையில் மீன் வெட்டிக்கொண்டிருக்கிறாள், நேரே போய் அவளிடமே சொல்லுங்கள் என்கிறேன். இதுவரை ஒருத்தியும் போகவில்லை.