இரைச்சலைத் தேடிப் போன மாலைகள்

இன்று ஷிப்டில், லைனில் யாரோ ஈயம் பற்றவைத்த புகை மூக்கில் ஏறியதும், சூப்பர்வைசரான என்னால் ஒரே இடத்தில் நிற்க முடியவில்லை. வல்லம் வடகாலில், இப்போது கன்டெய்னர் லாரிகள் நிற்கும் இடத்திலிருந்த எங்கள் வீட்டின் முன்னறையில் எப்போதும் இதே வாசனைதான். பகலெல்லாம் கம்பெனிகளின் வயர்லெஸ் கருவிகளைப் பழுதுபார்க்கும் அப்பா, சாயங்காலமானால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தன் ஹாம் ரேடியோவின் முன் உட்கார்ந்து, முகம் தெரியாத தூரதேசத்து மனிதர்களோடு பேசிப் பேசி, ஒவ்வொரு குரலும் வந்த நேரத்தை நோட்டில் எழுதுவார். நான் கதவருகே வந்து வந்து போவேன், திரும்பிப் பார்க்கமாட்டார்.

ஒருநாள் என் மேசையிலிருந்த மலிவான சிஎஃப்எல் விளக்கைப் போட்டதும் ரேடியோவில் கர்ரென்று இரைச்சல் கிளம்ப, அப்பா எழுந்து வெளியே வந்துவிட்டார். அதன்பிறகு அவர் திரும்பிப் பாராதது பொறுக்க முடியாத நாளிலெல்லாம் விளக்கைப் போட்டேன்.

"இன்னா இரைச்சல்மா இது! புது கம்பெனிக்காரன் மோட்டாராத்தான் இருக்கும். வா பாப்பா, பாத்துகினு வரலாம்."

இரைச்சல் எந்தப் பக்கம் கூடுகிறதென்று சின்ன டிரான்சிஸ்டரை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டு, ஏரிக்கரை நெடுக, ஒவ்வொரு கம்பெனிச் சுவரையும் சந்தேகப்பட்டபடி நடப்பார். நான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே கூடப் போவேன்.

அவர் இறந்த பிறகுதான் அந்த நோட்டைப் பிரித்தேன். தூரத்துக் குரல்களுக்கு நடுவே, பக்கத்துக்குப் பக்கம் ஒரே வரி: "ஆறு மணி. பாப்பா விளக்கைப் போட்டாள். நடக்கப் போனோம்."