சார் உரிமையோடுதான் திட்டுவார்

எங்கள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டின்போது ஒரு போட்டி நடக்கும். அன்றைக்கு அதிகாரியிடம் யார் அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டது என்பதுதான் போட்டி. "என்னைய எருமைன்னாருங்க" என்பார் ஒருவர். "அது பரவால்லீங்க, எனக்கு எங்கப்பாவையும் சேத்தில்ல கெடச்சுது" என்பார் இன்னொருவர். அதையே ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொண்டு தயிர்ச்சாதத்தை முடிப்போம்.

பெரும்பாலும் ஜெயிப்பது நான்தான். கீழே ராசிபுரம் பக்கம் அவரிடம் ஆறு வருடம் குப்பை கொட்டியவள். கொல்லிமலைக்கு மாற்றல் வந்தபோது, விட்டது தொல்லை என்று எங்கள் ஊர் மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தேன். மறு மாதமே பதவி உயர்வில் அவரும் மலைக்கு வந்து சேர்ந்தார். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறினாலும் சனி விடாது போலிருக்கிறது. இங்கே இன்னொரு மூன்று வருடம் ஓடிவிட்டது.

இதற்கெல்லாம் நாங்கள் ஒரு நல்ல பெயர் வைத்திருந்தோம். சார் உரிமையோடு திட்டுகிறார். பிடித்தவர்களைத்தான் திட்டுவார், பிடிக்காதவர்களை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். அந்தக் கணக்குப்படி பார்த்தால் என்மேல் அவருக்குக் கொள்ளைப் பிரியம்.

என் சித்தி மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். அங்கே யாரும் சத்தமே போட மாட்டார்களாம். சிரித்துக்கொண்டே மூன்று மாதம் கூட்டத்துக்குக் கூப்பிடாமல், வேலை தராமல், நாற்காலியோடு நாற்காலியாக உட்கார வைத்துவிடுவார்களாம். அப்படிச் செய்வது குற்றம் என்று வருடா வருடம் ஒரு வீடியோ போட்டுப் பரீட்சையும் வைப்பார்களாம். அவனை அப்படி உட்கார வைத்த மேனேஜருக்குத்தான் அதில் முழு மதிப்பெண். "எங்க சார் எவ்வளவோ தேவலை கண்ணு, மூஞ்சிக்கு நேரா எருமைன்னு சொல்லீருவாரு" என்றேன். "குடுத்து வெச்சவங்கக்கா நீங்க" என்றான். நானும் பெருமையாகத்தான் போனை வைத்தேன்.

அந்த நேரத்தில்தான் எங்கள் அலுவலகத்துக்குத் தற்காலிகமாக ஒரு தட்டச்சுப் பெண் வந்தாள். மலையிலேயே பிறந்து வளர்ந்தவள். ஒருநாள் காலை, ஒரு கடிதத்தில் தேதி தப்பு என்று அதிகாரி கோப்பை அவள் முகத்தில் எறிந்தார். "மாடு மேய்க்கப் போ" என்றார். எங்களுக்கென்றால் அது சாதாரண நாள். அவள் கீழே விழுந்த காகிதங்களைப் பொறுக்கி மேசைமேல் வைத்தாள். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்துவிட்டாள்.

மறுநாள் ஒன்றும் நடக்காதது போல வந்து நின்றாள். "ஏன் கண்ணு, கோவிச்சுக்கிட்டுப் போயிட்டியா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. அவருக்கும் எங்களுக்கும் ஏதோ சண்டைன்னு நெனச்சேன். ஊட்டுல சொல்லப் போனேன்."

அதிகாரிக்கு அவள் எழுந்து போனதுதான் பொறுக்கவில்லை. மேலதிகாரியிடம் அடக்கமின்றி நடந்துகொண்டதாக ஒரு குறிப்பு தயார்செய்து, எல்லோரும் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். அது மாவட்ட அலுவலகத்துக்குப் போனால் அவள் வேலை அன்றோடு சரி. குறிப்பை எழுதியது நான். இந்த மாதிரி விஷயங்களை அழகாக எழுதுவேன் என்று எனக்குப் பெயர். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். என் கையெழுத்து மட்டும் பாக்கி.

அன்று மதியமே அவள் ஊரிலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். முன்னால் வந்தது அவளுடைய அத்தை. என் வயதுதான் இருக்கும், பலாப்பழம் விற்க வரும்போது பார்த்திருக்கிறேன். ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அதிகாரி முன்னால் நீட்டினார். கல்யாணத்துக்கோ திருவிழாவுக்கோ அழைக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, அவர் முகமெல்லாம் சிரிப்பாக வாங்கி வாயில் போட்டு மெல்லவும் ஆரம்பித்துவிட்டார். அந்த ஊர் வழக்கப்படி அந்த வெற்றிலையை எடுத்துவிட்டால் விசாரணைக்கு உட்காரச் சம்மதம் என்று அர்த்தமாம். ஐந்து பேரும் அங்கேயே தரையில் உட்கார்ந்தார்கள். அத்தை அவரையும் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். வாயில் வெற்றிலையோடு மறுக்கவும் முடியாமல், மனிதர் பேண்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையில் சம்மணம் போட்டார். அந்தக் காட்சிக்காகவே நான் இன்னும் பத்து வருடம் மலையில் வேலை பார்ப்பேன்.

"எங்களுக்கும் ஒனக்கும் என்ன சண்டை?" என்றார் அத்தை.

"சண்டையெல்லாம் ஒண்ணுமில்லம்மா."

"அப்ப எதுக்கு மூஞ்சில எறிஞ்ச?"

"யாரும் எதையும் எறியலை."

அத்தை எங்களைத் திரும்பிப் பார்த்தார். "அங்க இருந்தது யாரு?"

ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார். ஒருவருக்கு அந்த நேரத்தில்தான் இருமல் வந்தது. அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். அதிகாரியும் என்னைத்தான் பார்த்தார். இரண்டு பக்கத்தையும் சமாதானப்படுத்தி வைப்போம் என்று வாயைத் திறந்தேன். "எறிஞ்சாருங்க. ஆனா சார் எப்பவுமே உரிமையோடதாங்க. எங்களையெல்லாமும் திட்டுவாருங்க."

ஆனாவுக்கு அப்புறம் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. எறிந்தார் என்பது உறுதியாகிவிட்டது. "தேதி தப்புன்னா தேதியச் சொல்லணும்" என்றார் அத்தை. அதிகாரி வெற்றிலையை ஒரு கன்னத்துக்குத் தள்ளிவிட்டு, கோபத்தில் செய்துவிட்டேன், இனி நடக்காது என்றார். அவராகவே என் மேசையிலிருந்த குறிப்பைக் கேட்டு வாங்கிக் கிழித்தார். அந்தப் பெண் தன் இடத்துக்குப் போய், பாதியில் விட்டிருந்த கடிதத்தைத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள்.

ஐந்து பேரும் எழுந்தார்கள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. வாசல்வரை போன அத்தை நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒன்னையும் திட்டுவாருன்னியே, எத்தன நாளா?"

"ஒம்பது வருசமாங்க" என்றேன், சிரித்துக்கொண்டேதான்.

அவர் சிரிக்கவில்லை. "ஒம்பது வருசமா ஒன் ஊட்டு ஆளு ஒருத்தரும் வந்து கேக்கலயா?"

வீட்டில் சொன்னதே இல்லை என்று சொல்ல நினைத்தேன். சொன்னால் என் வீட்டுக்காரர் "சார்தானே" என்பார். நாற்பத்தெட்டு வயதில், அத்தனை பேர் முன்னால், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அவமானமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அத்தை திரும்ப உள்ளே வந்தார். மற்ற நால்வரிடமும், "உக்காருங்க. இந்தம்மாவுக்குக் கேக்க ஆளு இல்ல. நாமதான் கேக்கணும்" என்றார். ஐந்து பேரும் மறுபடி தரையில் உட்கார்ந்தார்கள். அதிகாரி எழுந்த பாதியில் அப்படியே மறுபடி உட்கார்ந்தார்.

"இவ என்ன தப்பு பண்ணா?"

அதிகாரி யோசித்தார். வெகுநேரம் யோசித்தார். ஒன்பது வருடத்தில் நான் செய்த தப்பு ஒன்றுகூட அவருக்கு ஞாபகம் வரவில்லை. யோசித்துப் பார்த்தால், எனக்கும் வரவில்லை.