கேஸ் முடிகிறவரை நடக்காதே

பாண்டிச்சேரியில், தேங்காய்த்திட்டு திருப்பத்தில் ஒரு கார் என் மொபெட்டை இடித்து, வலது முழங்காலை உடைத்துவிட்டது. அப்போது நான் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். நாள் முழுக்க நின்றே பிழைக்கிறவனுக்கு முழங்கால் போனால் என்ன மிச்சம்? அந்தப் பயத்தோடுதான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன்.

மாவுக்கட்டு காய்வதற்குள் நஷ்டஈட்டுக் கேஸ் பிடிக்க வக்கீல்களின் ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒருவன் ஆப்பிளோடு வந்தான். இன்னொருவன் என் கட்டைவிரலைப் பிடித்து மையில் வைக்கவே பார்த்தான். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் என்று சொன்ன பிறகும் விடவில்லை. மச்சினன்தான் அவர்களை விரட்டினான்.

"நீ கவலப்படாத மாமா. நல்ல வக்கீலா பாத்து நான் இட்டுனு வரேன்" என்றான்.

ஊரெல்லாம் விசாரித்தான். கடைசியில் பார்த்தால், எங்கள் சாரம் பேட்டையிலேயே, வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒருவர் இருந்தார். கெட்டிக்காரர், இன்சூரன்ஸ் கம்பெனிக்கு விலைபோகாதவர் என்று டீக்கடையில் எல்லோரும் சொன்னார்கள். அதில் பொய்யே இல்லை. அவர் திருடனாக இருந்திருந்தால் நிம்மதியாகத் திட்டித் தீர்த்திருப்பேன்.

கட்டைப் பிரித்ததும் டாக்டர், "தெனமும் நடக்கணும். சாயங்காலத்துல பீச் ரோட்ல வண்டி விடமாட்டாங்க, அங்க நடங்க. விட்டீங்கன்னா முட்டி இறுகிடும், அப்புறம் மடங்காது" என்றார்.

நடந்தேன். முதல் நாள் முதல் பெஞ்சு வரைகூடப் போக முடியவில்லை. வாரக் கடைசியில் பழைய கலங்கரை விளக்கம் வரை போய்த் திரும்பினேன். வலியில் கண்ணீர் வந்தது; சந்தோஷமாகவும் இருந்தது. சீக்கிரம் பஸ் ஏறிவிடுவேன் என்று மனைவியிடம் சொன்னேன்.

மறுநாளே வக்கீல் வீடு தேடி வந்துவிட்டார்.

"இன்னா கண்டக்டரே, பீச்சுல நடக்கிறீங்களாமே? பாதி பாண்டிச்சேரி சாயங்காலம் அங்கதான் இருக்குது. இன்சூரன்ஸ்காரன் ஆளும் இருப்பான். ஒரு போட்டோ எடுத்தான்னா கேஸ் காலி."

"டாக்டர் நடக்கச் சொன்னாரே சார்."

"டாக்டரா வந்து கோர்ட்ல வாதாடப் போறாரு? கேஸ் முடியற வரிக்கும் வெளிய தல காட்டாதீங்க. நடக்கணும்னா வூட்டுக்குள்ள நடங்க."

எங்கள் வீட்டுக்குள் நடப்பதாவது! வாசலில் கால் வைத்தால் அடுத்த கால் அடுப்பில் இடிக்கும். மனைவியும் மச்சினனும் வக்கீல் கட்சியில் சேர்ந்துகொண்டார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்ட கதைதான். வாய்தாவுக்கு மேல் வாய்தா. கோர்ட்டுக்குப் போகிற நாளில் மட்டும் வெளியே வருவேன். அன்றைக்கும் வக்கீல் என்னைப் படியில் நொண்டி நொண்டி ஏறச் சொல்வார். முதலில் நடிக்க வேண்டியிருந்தது. போகப் போக அந்தச் சிரமமும் இல்லாமல் போயிற்று. பஸ் முதலாளியும் பாவம், எத்தனை காலம்தான் காத்திருப்பார்? என் பையை இன்னொருவன் தோளில் மாட்டிவிட்டார்.

கேஸ் ஜெயித்தது. வக்கீல் சொன்ன சொல் தவறவில்லை. மச்சினன் தெருவுக்கே லட்டு கொடுத்தான். என் லட்டை நான் மனைவியிடம் கொடுத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் அவனே என்னை பீச் ரோட்டுக்கு அழைத்துப் போனான். இனி யாருக்கும் ஒளிய வேண்டாம் என்பதில் அவனுக்கு அத்தனை பூரிப்பு. நான் கைத்தடியை ஊன்றி, மடங்காத காலை இழுத்து இழுத்து, முதல் பெஞ்சு வரை போய் உட்கார்ந்துவிட்டேன்.

எதிரே வக்கீல் வந்துகொண்டிருந்தார். அரைக்கால் சட்டை, வெள்ளைக் கான்வாஸ் ஷூ, வியர்த்த முகம். தினமும் வருகிறவர் போலிருக்கிறது. வழியெல்லாம் அவருக்கு வணக்கம் சொன்னார்கள். அன்றைக்கு என்னை இங்கே பார்த்தது எந்த ஆள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"இன்னா கண்டக்டரே, உக்காந்துட்டீங்க? இப்ப தாராளமா நடக்கலாமே! இனிமே எவனும் ஒண்ணும் கேக்க முடியாது."

சொல்லிக்கொண்டே, நிற்காமல், கலங்கரை விளக்கம் பக்கமாக வேகவேகமாக நடந்து போய்விட்டார்.