கமாண்டர் வெட்டிய வரி

பாறசாலை ரயில் நிலையத்துக்கு எதிரே டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகையைவிட ஜீவிய சரித்திரம்தான் அதிகம் வரும். எங்கள் சபைகளில் அடக்க ஆராதனையின்போது இறந்தவரின் வாழ்க்கையை ஒரு பக்கத்துக்கு வாசிப்பார்கள். எழுதுவது நான். குரல் நன்றாயிருப்பதாக யாரோ கிளப்பிவிட்டதால் வாசிப்பதும் நான். இத்தனை வருடத்தில் கெட்டவர் ஒருவரைக்கூட வழியனுப்பியதில்லை.

கடற்படை விமானியாக இருந்த ஞானதாஸை ஊரே கமாண்டர் சார் என்று அழைக்கும். டாக்டர் கைவிரித்துவிட்டதாகச் சொல்லி, மகன் ஜெயசிங் முன்கூட்டியே விவரம் கொடுத்தான். போரில் டார்ப்பிடோ போட்டு எதிரி நீர்மூழ்கியை மூழ்கடித்தவராம். நானும் ‘மாவீரர்’ சேர்த்து அடித்து அனுப்பினேன்.

மறுநாள் கமாண்டரே ஆட்டோவில் வந்து இறங்கினார். என் தொழிலில் ஆள் நேரில் வந்து புரூஃப் பார்த்தது அதுதான் முதல்முறை. சிவப்புப் பேனா கேட்டு வாங்கி ஒரே வரியை வெட்டினார்.

“நீர்மூழ்கிய முக்கினேன்னு ஆரு சொன்னா?”

“உங்க மகன், சார்.”

“அவன் அப்பம் பிறக்கவே இல்ல மக்கா.”

எனக்கு ஆவல் அடங்கவில்லை. “பின்னே என்ன சார் நடந்தது?”

“கடலுக்கடியில என்னமோ உண்டும்னு கருவி காட்டிச்சு. தாழப் பறந்து டார்ப்பிடோவ போட்டேன். பெட்ரோல் தீரப்போவுது, கப்பலுக்குத் திரும்பிட்டேன். பட்டுதான்னு பாக்கல.”

“திமிங்கலமா இருக்குமோ?”

“இருக்கலாம். அறுபது ஆளும் இருக்கலாம். ஞாயிறுதோறும் ரெண்டுக்கும் ஜெபிக்கேன். திமிங்கலத்துக்கு எப்பிடி ஜெபிக்கணும்னு பாஸ்டருக்கும் தெரியாது.” எழுந்தார். “சர்ச்சுல வச்சு அறியாததச் சொல்லாத. அங்க எனக்கு மறுத்துப் பேச முடியாதாக்கும்.”

இரண்டு வாரத்தில் இறந்தார். சர்ச் வாசலில் ஜெயசிங் என் கையைப் பிடித்தான்.

“அண்ணே, அந்த வரிய சேத்தே வாசிங்க. நேவிக்காரங்க வந்திருக்காவ. அப்பாக்கு எப்பவும் தன்னடக்கமாக்கும்.”

வரி உள்ளதும் வெட்டியதுமாக இரண்டு தாளுமே என் பையில் இருந்தன. என்னைப் போன்ற கோழைகள் அப்படித்தான் வருவோம். மேடையேறியபின் பெட்டியைப் பார்த்தேன். உள்ளே இருந்தவரால் மறுத்துப் பேச முடியாது.

“போரில் டார்ப்பிடோ போட்டார். அது எதிலாவது பட்டதா என்று அவருக்குத் தெரியாது” என்று வாசித்தேன். முன்வரிசையில் ஜெயசிங்கின் முகம் கறுத்தது.

அடக்கம் முடிந்ததும் நேரே என்னிடம் வந்தான். அடிதான் என்று நினைத்தேன்.

“அண்ணே, கடலுக்கடியில ஆளு உண்டா இல்லியா? உங்ககிட்ட சொன்னாரா?”

“அவருக்கே தெரியாதுடே.”

“அப்பாகிட்ட நான் ஒருக்கலும் கேட்டதில்ல” என்றான்.

இப்போதெல்லாம் விவரம் தருகிறவர்களிடம் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கிறேன்: “இது நீங்க பாத்ததா?” அதனால் ஒரு பக்கம் நிறைவதேயில்லை. ஆனால் வாசிக்கும்போது சபையில் யாரும் தூங்குவதுமில்லை.