ஸ்டெல்லா அக்கா செய்ய நினைத்த ரோஸ்ட்

ஸ்டெல்லா அக்கா போய்விட்டார்.

இன்று காலை சர்ச்சுக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான்... ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

ஆவடி ஃபேக்டரியில் பதினாறு வருடம் எனக்குப் பக்கத்து மேஜை. நான் கையெழுத்து போட மறந்த ஃபைலை சூப்பர்வைசர் பார்ப்பதற்குள் உருவி என் முன்னால் போடுவார். "கண்ணு இன்னா பொடனியிலயா கீது?" அதோடு சரி, வேறு யாரிடமும் மூச்சு விடமாட்டார்.

ஒரே மகன் அருள், இங்கிலாந்தில் வேலை. அங்கேயே எமிலியைக் கல்யாணம் செய்துகொண்டான். அக்கா ஐந்து வருடம் அந்தப் பெண்ணோடு பேசவில்லை.

இரண்டு வருடம் முன்பு, இருவரும் சேக்காட்டில் இருக்கும் அக்கா வீட்டுக்கு வருகிறார்கள் என்றதும் ஆளே மாறிப்போனார். "அவ ஊட்டு சாப்பாட்ட நானே செஞ்சி போடறேன்டா" என்று போனில் மகனுக்கு வாக்கு கொடுத்தார்.

முழுக்கோழி ரோஸ்ட், உருளைக்கிழங்கு, கேரட், கிரேவி. ஒரு வாரம் யூடியூபும் கையுமாகத் திரிந்தார்.

வீட்டில் ஓவன் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு எங்கள் கேக் மாவை வாங்கி வேகவைத்துத் தரும் பேக்கரிக்காரரோ, "கோழியா? என் பன்னெல்லாம் கவிச்சி அடிக்கும்கா" என்று பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டார். கடைசியில் பெரிய குக்கரில் உப்பைக் கொட்டி, அதன் மேல் தட்டு வைத்து...

முதல் நாள் சோதனைக்கு ஒன்று செய்தார். உப்பும் மிளகும்தான். பத்தியச் சாப்பாடு மாதிரி இருக்கிறது என்றேன். "வாய மூடிகினு துன்னுடி" என்றார். எவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில்!

ஞாயிற்றுக்கிழமை கோழி வாங்குவது என் பொறுப்பு. "தோலோட, முழுசா" என்று மூன்று தடவை சொல்லி அனுப்பினார்.

கடையில் சரியான கூட்டம். "ரெண்டு கிலோ" என்று சொல்லிவிட்டு ஓரமாக நின்று தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் வழக்கம்போலத் தோலை உரித்து, குழம்புக்கு வெட்டிக் கொடுத்துவிட்டார். நான் பையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

அக்கா பிரித்துப் பார்த்ததும் திரும்ப ஓடினேன். கோழி தீர்ந்துவிட்டது.

அந்தத் துண்டுகளில் பாதியைக் குக்கரில் வைத்துப் பார்த்தார். தோல் இல்லாததால் காய்ந்து கருகிவிட்டது. அவர்கள் வர இன்னும் அரை மணி நேரம். மிச்சமிருந்த துண்டுகளை அவசரமாகக் குழம்பாக்கினார். பதற்றத்தில் பழகின கை மிளகாய்த்தூளையும் அள்ளிப் போட்டுவிட்டது.

எமிலி ஒரு வாய்தான் வைத்தாள். இருமல்... கண்ணெல்லாம் தண்ணீர்.

அருள் தட்டைத் தள்ளினான். "வேணும்னே பண்ணியாம்மா? அவள நீ இன்னும் ஏத்துக்கல, அதானே?"

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன், வாயைத் திறக்காமல்.

அன்று மாலையே காட்டுப்பாக்கத்தில் நண்பன் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பிறகு வரவே இல்லை. போனும் குறைந்துபோனது.

அருளிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்று பிறகு பலமுறை கேட்டேன். "இன்னா சொல்லுவ? உன்ன திட்டுவான், அவ்ளோதான். வுடு" என்பார்.

நானும் விட்டுவிட்டேன். எனக்கு அது சௌகரியமாக இருந்தது. வெட்கமாக இருக்கிறது.

நாளை அருள் வருகிறான். வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள், மறுபடியும் எனக்கு வாய் வராது. அதனால்தான் இங்கே, எல்லோரும் பார்க்க எழுதுகிறேன்...

அருள், அந்தக் கோழியை வெட்டி வாங்கி வந்தது நான். உங்க அம்மா வேணும்னு எதுவும் செய்யலப்பா. எமிலிகிட்டயும் சொல்லு.

அக்கா... மன்னிச்சிடுங்க. போய்ட்டு வாங்க.