கல்கத்தாவுக்குப் பெட்டி அடுக்கிய நாள்

அப்பா முதன்முதலாகக் கல்கத்தாவுக்குப் போனபோது நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். அணாவை மறந்து எல்லோரும் நயா பைசாவுக்குப் பழகிக்கொண்டிருந்த காலம். சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் ஒரு கம்பெனியில் அப்பாவுக்கு வேலை. எங்கள் வீடு விருதுநகரில், ரயிலடிக்குப் பக்கம். காலையில் பஸ் ஏறிப் போனால் விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிடுவார்.

அதே கம்பெனிக்கு வெளியூர்களில் ஆர்டர் பிடித்துக் கொடுத்தவர் பெரியப்பா, அப்பாவின் ஒரே அண்ணன். கல்கத்தாவும் பம்பாயும் அவருக்கு எங்களூர் பஜார் மாதிரி. ஆனால் அந்த வருஷம் முதலாளி, கல்கத்தாவுக்குத் தம்பி போகட்டும் என்று சொல்லிவிட்டார். முந்தின சீசனில் பச்சைக் கரை போட்ட காலண்டர் கேட்ட வியாபாரிக்குப் பெரியப்பா நீலம் என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டாராம். அடித்து அனுப்பிய லோடு அப்படியே திரும்பி வந்தது. இதெல்லாம் அம்மாவும் அப்பாவும் பேசியதில் என் காதில் விழுந்தவை. பெரியப்பாவுக்குக் கவனம் போதாது என்று நினைத்துக்கொண்டேன். என் டீச்சர் என்னைப் பற்றிச் சொல்வதும் அதுதான்.

“இந்தத் தடவையும் கோளாறாச்சுன்னா அண்ணன் தம்பி ரெண்டு பேரு வேலையும் போயிரும்” என்று அம்மா சொன்னாள்.

கல்கத்தா ஆபீசுகளில் கோட்டுப் போடாதவனை உள்ளே விடமாட்டார்கள் என்று பேச்சு. அப்பாவிடம் ஒரே கோட்டு இருந்தது, கல்யாணத்துக்குத் தைத்தது. வேதக்கோயிலில் மோதிரம் மாற்றியபோது பூட்டியிருந்த பொத்தான் இப்போது துளைக்கு நாலு விரல் தள்ளி நின்றது. விஷயம் கேள்விப்பட்டுப் பெரியப்பா தன்னுடைய இரண்டு சூட்டுகளையும் தோல் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஒன்று சாம்பல் நிறம், இன்னொன்று கருநீலம். அப்பா அவரைவிடக் குட்டை. கை நீளத்தைக் குறைக்க அம்மா கத்தரியை எடுத்ததும், “வெட்டிராதம்மா, உள்ள மடிச்சுத் தையி” என்றார் பெரியப்பா. கஞ்சத்தனம் என்று எனக்குப் பட்டது.

புறப்படும் நாள் மத்தியானமே வந்து, பெட்டியைத் தானே அடுக்குவதாகச் சொன்னார். அம்மா அதற்குள் தன்னுடைய டிரங்குப் பெட்டியைத் துடைத்து வைத்திருந்தாள்.

“மூணு நாளு ரயில்ல போகணும் அத்தான். இதுன்னா பூட்டுப் போடலாம்” என்று பெரியப்பாவிடம் சொன்னாள்.

“டிரங்குப் பெட்டியோட போய் நின்னா, வேல கேட்டு வந்திருக்கான்னு வாசல்லயே உக்கார வச்சிருவான். மொதல்ல பெட்டியத்தான் பாப்பான். அப்புறந்தான் ஆளு” என்றார் பெரியப்பா.

தோல் பெட்டியைத் தரையில் விரித்து வைத்துக்கொண்டு சம்மணமிட்டு உட்கார்ந்தார். பூட்ஸுக்குள் காலுறைகளைச் சுருட்டித் திணித்து, காகிதத்தில் பொதிந்து, கீல் ஓரமாக வைத்தார். கால்சராயின் மேல்பாதியைப் பெட்டிக்குள் பரப்பி, கால்களை வெளியே தொங்கவிட்டார். கோட்டின் ஒரு தோளை உள்வெளியாகத் திருப்பி, மற்றத் தோளை அதற்குள் நுழைத்தார். உள்துணி வெளியே வந்து கோட்டு பாதியாக மடிந்துகொண்டது. அதைக் கால்சராயின்மேல் படுக்க வைத்துவிட்டு, தொங்கிய கால்களை எடுத்து மேலே போர்த்தினார். இப்படி மடித்தால் கசங்காதாம். இத்தனையும் செய்தபோது அவர் பெட்டியைப் பார்க்கவே இல்லை. முகம் ஜன்னல் பக்கம் இருந்தது. விரல்கள் மட்டும் ஓரங்களைத் தடவித் தடவிப் போயின.

“ஏன் பெரியப்பா பாக்காம மடிக்கிறீக?”

“பழகிப் போச்சு தாயி. கருநீல டைய எடு.”

வித்தை காட்டுகிறார் என்று நினைத்தேன். அவரை மடக்கிப் பார்க்கும் ஆசையில் அரக்கு நிற டையை எடுத்து நீட்டினேன். வாங்கினார், நீவினார், கருநீலக் கோட்டின் பைக்குள் சுருட்டி வைத்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அம்மா பார்த்துவிட்டாள். அவர் முகம் கழுவப் பின்கட்டுக்குப் போனதும் டையை மாற்றி வைத்தாள். பிறகு என் தொடையில் கிள்ளினாள். அவள் கிள்ளினால் காரணம் சொல்லுவாள்; அன்றைக்குச் சொல்லவில்லை.

அம்மா ஜெபம் பண்ணி முடித்ததும் எல்லோரும் ஸ்டேஷனுக்கு நடந்தோம். காலண்டர் சாம்பிள் கட்டை அப்பா தூக்கிக்கொண்டார். பெட்டியைப் பெரியப்பா யாரையும் தொடவிடவில்லை. மெட்ராஸ் வண்டி வந்து நின்றதும் முதல் ஆளாக ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, பெட்டியைக் கைப்பிடி வெளியே தெரியும்படி பலகைக்கு அடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். அப்பா கீழே எங்களோடு நின்றார். எழும்பூரில் இறங்கி சென்ட்ரல் போகும் வழியை ஜன்னல் வழியாகவே பெரியப்பா சொல்லிக்கொண்டிருந்தார். பாதியில் பேச்சை நிறுத்திவிட்டு, வண்டி போகும் திசையைப் பார்த்தபடி இருந்தார்.

கார்டு விசில் ஊதினார். அப்பா உள்ளே ஏறிப் போனார்.

“அண்ணே, வண்டி கெளம்பப் போகுது.”

“தெரியும்லே.”

ஆனால் எழுந்திருக்கவில்லை. அப்பா தோளைத் தொட்டார். வண்டி குலுங்கி நகர ஆரம்பித்த பிறகுதான் எழுந்தார். அப்பா அவர் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டி வந்து, ஊர்ந்துகொண்டிருந்த வண்டியிலிருந்து இரண்டு கைகளையும் பிடித்து அவரை இறக்கிவிட்டார். ஒரு செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது. அப்பா அதை ஜன்னல் வழியாக எறிந்தார். பிளாட்பாரத்தில் அது வேறெங்கோ போய் விழ, பெரியப்பா ஒற்றைச் செருப்போடு நின்று குனிந்து தேடினார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா போய் எடுத்துவந்து அவர் காலடியில் போட்டாள்.

மூன்று வாரம் கழித்து அப்பா ஆர்டரோடு திரும்பினார். அதற்குப் பிறகு வருஷாவருஷம் அவர்தான் போனார். பெரியப்பாவுக்குக் கம்பெனியின் சரக்கு வைக்கும் கிட்டங்கியில் ஒரு நாற்காலி கிடைத்தது. அவருக்கு அப்போதே பார்வை மங்கத் தொடங்கியிருந்தது என்பதை, நிறமெல்லாம் அவருக்கு ஒன்றாகிவிட்ட பிறகுதான் நான் தெரிந்துகொண்டேன்.

வண்டியிலிருந்து இறங்க மறந்த கதையை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். கிறிஸ்துமஸுக்குச் சொந்தக்காரர்கள் கூடினால் நான்தான் நடித்துக் காட்டுவேன். எல்லோரும் சிரிப்பார்கள். பெரியப்பாவும் கண்ணில் நீர் வரச் சிரிப்பார். அப்பா மட்டும் எழுந்து வெளியே போய்விடுவார். அவருக்கு வேடிக்கையை ரசிக்கத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.