தம்பி கேட்ட தண்ணீர்

செம்பூர் கிளினிக்கில் பேத்திக்குத் தடுப்பூசி. ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறியதும் நாற்பதுகளின் தாராவிக்குப் போய்விட்டேன்.

எங்கள் சந்துக்கு அம்மை குத்த ஆள் வந்த அன்றும் இதே வாசனைதான். சாமி இல்லை என்று மேடையில் பேசும் அப்பா, தம்பியின் கையை நீட்டிப் பிடித்தார். அவர் வேலைக்குப் போனதும் அம்மா, ஆத்தாளுக்கு ஆகாதென்று, குத்திய இடத்தை மஞ்சள் தண்ணீரால் அழுத்தித் துடைத்தாள்.

அடுத்த மாதம் தம்பிக்கு அம்மை கண்டது.

"ஆத்தா வந்திருக்கா. டாக்டர் உள்ள வரக் கூடாது" என்று அம்மா வாசலை மறித்தாள்.

"ஆத்தாளுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல. ஏட்டி, அந்த வேப்பிலையத் தூக்கி வெளிய போடு" என்று அப்பா கத்தினார்.

தம்பி செத்த பிறகும் அந்தச் சண்டை ஓயவில்லை.

வாசலில் அவர்கள் கத்திக்கொண்டிருந்த அன்று, உள்ளே அவன் தண்ணீர் கேட்டது எனக்கு மட்டும்தான் கேட்டது. நான் அவன் பக்கம் போகக் கூடாது என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போயிருந்தார்கள்.